பழைய கணினியைத் தூக்கி எறியச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு,

கணினி தொடங்கச் சுணங்கினால் பம்பலப்பிட்டியில் எந்தக் கடையில் கேட்டாலும் ஒரே பதில்தான், புதிது வாங்குங்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. கணினி தன் வன்தட்டு எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே நேரம் போகலாம், அதை யாரும் பார்ப்பதில்லை.

கணினியை இயக்கும் பணிசெயல் முறைமைகளில் ஒன்றான லினக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மையப் பகுதியான கேர்னலில் உள்ள டிரைவர், அதாவது சாதனங்களோடு பேசும் மென்பொருள், வன்தட்டைப் பொருத்தும் ஒவ்வொரு சாட்டா போர்ட்டிலும் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கும், சுழலும் வன்தட்டு வேகம் பிடித்துப் பதில் சொல்லவே சில விநாடிகள் ஆகும், முன்பெல்லாம் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது என்பதால் அந்தக் காத்திருப்பெல்லாம் கூடிக்கொண்டே போனது. 2009இல் வந்த 2.6.29 பதிப்பில் இவற்றை ஒரே நேரத்தில் செய்ய வழி வந்தது. அப்புறம் எல்லாவற்றிலும் மெதுவான தட்டுக்கு மட்டும் காத்திருந்தால் போதும். எவ்வளவு நல்ல வேலை!

யூஎஸ்பியில் வேறு கதை. பென் டிரைவைச் செருகியதும் டிரைவர் வேண்டுமென்றே சற்றுப் பொறுக்கும். முன்பு 5 விநாடி, பிறகு அதை 1 ஆக்கினார்கள். இன்னும் குறைக்கலாம், ஆனால் சில பழைய சாதனங்கள் அவசரப்படுத்தினால் பதிலே சொல்லாது, ஆகவே சோதித்துப் பார்த்துத்தான் குறைக்க வேண்டும்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கும் மாணவர்கள் பணிசெயல் முறைமையைப் பற்றிப் படிக்கிறார்கள். கேர்னல் தொடங்கும்போது எழுதும் பதிவில் ஒவ்வொரு வரிக்கும் நேரம் இருக்கும், எந்த இடத்தில் இடைவெளி விழுகிறது என்று அவர்களுக்கு வாசிக்கக் காட்டுங்கள். உங்கள் பத்திரிகையில் இதற்கு வாரம் அரைப் பக்கம் ஒதுக்க முடியாதா?

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06