பம்பைச் சரிசெய்யச் சொன்னவனுக்கு

அன்புள்ள சேகர்,

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது அறிந்து நிம்மதி. உன் கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் சொன்னால் சிரிப்பாய். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்ற வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருந்தேன். 2013இல் வந்ததை இப்போதுதான். மகள் பத்தாம் வகுப்பு. அவள் படுத்த பிறகுதான் தொலைக்காட்சி என் கைக்கு வருகிறது.

பூஞ்சைத் தொற்றில் உலகம் குலைந்து இருபது ஆண்டுகள் கழித்து நடக்கும் கதை. மகளைப் பறிகொடுத்த ஜோயல், கடிபட்டும் நோய் பீடிக்காத எல்லி என்ற பதினான்கு வயதுப் பெண்ணை அமெரிக்காவின் குறுக்கே அழைத்துப் போகிறான். சால்ட் லேக் சிட்டி மருத்துவமனையில்தான் தெரிகிறது, மருந்து வேண்டுமென்றால் அவள் மூளையை அறுக்க வேண்டும், அவள் பிழைக்க மாட்டாள். மயங்கிக் கிடப்பவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஜோயலும்தான்.

அறுவை அறையில் மருத்துவர் கத்தியோடு மறித்து நிற்கிறார். வேறு வழி இருக்குமோ என்று சற்று நேரம் சும்மா இருந்து பார்த்தேன். இல்லை. அவரைக் கொன்றால்தான் கதை நகரும். கொன்றேன். கை நடுங்கியது என்றெல்லாம் கதைவிட மாட்டேன். என் வீட்டில் அடுத்த அறையில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள் அல்லவா, தயக்கமே வரவில்லை.

2020இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த மருத்துவரின் மகள் ஏபி பழிதீர்க்க வருகிறாள். ஏறக்குறைய பாதி ஆட்டத்தை அவளாகவே ஆட வேண்டும். பழிவாங்குவது வீண் என்பதை அவ்வளவு நீட்டி முழக்கியிருக்க வேண்டாம். ஆனால் நான் சுட்டவருக்கும் வீட்டில் ஒரு பெண் இருந்தாள் என்பது உறைத்தது.

அப்போதுதான் உன் நினைவு வந்தது. உன் வீட்டுக் கணினியில் 1997இன் 'ஃபால்அவுட்' ஆடினோமே. நிலவறையில் வாழும் நம் மக்களுக்குக் குடிநீர் தரும் சில்லு பழுது. 150 நாளில் வேறொன்று கொண்டுவர வேண்டும். நெக்ரோபொலிஸ் என்ற ஊரில் கண்டதும் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். கதிர்வீச்சில் தோலுரிந்து கிடந்த அந்த ஊர்க்காரர்களின் தண்ணீரும் அதோடு போகும் என்பது தெரிந்தேதான். "பம்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டு எடுடா" என்று நீ கத்தினாய். அவர்களின் பழுதான தண்ணீர்ப் பம்பைச் சரிசெய்ய அந்த விளையாட்டில் வழி இருந்தது. எனக்குத்தான் பொறுமை இல்லை. கடைசியில் எல்லாரையும் காப்பாற்றித் திரும்பியவனை, இளைஞர்கள் உன்னைப் பார்த்து வெளியேறிவிடுவார்கள் என்று வாசலிலேயே துரத்திவிட்டார்கள். கடுப்பில் நீ எழுந்து டீ குடிக்கப் போய்விட்டாய்.

முதல் பாகத்தின் முடிவில், நடந்ததை மறைத்து ஜோயல் எல்லியிடம் சத்தியம் செய்கிறான். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மகள் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்பா பொய் சொல்றார்?" என்றாள். நேரமாகிவிட்டது, போய்ப் படு என்றேன்.

அந்த அறுவை அறையில் பம்பு ஏதும் இல்லை, சேகர். நீ என்ன செய்திருப்பாய்? பொங்கலுக்கு வரும்போது சொல். அவளும் கேட்கக் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
ரவி