பட்டறைத் தாத்தாவுக்காக வந்தவர்களுக்கும் உதவியவர்களுக்கும்

எண்ணூர், மணலி, வியாசர்பாடி, ராயபுரம் என்று எங்கெங்கிருந்தோ வந்து, தாத்தாவின் நினைவுக் கூட்டத்தையும் அந்தச் சின்னக் கண்காட்சியையும் நடத்திக்கொடுத்த எல்லாருக்கும் வணக்கம். அன்றைக்கு நன்றி சொல்ல நான் எழுந்தபோது மைக் கத்தியது, கரண்ட் போனது, கரண்ட் வந்தபோது பந்தி போட்டுவிட்டார்கள், பிரியாணி வாசனைக்கு முன்னால் யார் பேச முடியும். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

திருவொற்றியூரில் பாதிப் பேருக்கு அவர் லேத் பட்டறை முதலாளி, மீதிப் பேருக்கு முன்னாள் கவுன்சிலர். இரண்டாம் உலகப்போரில் பர்மா எல்லையில் போர் விமானம் ஓட்டியவர் என்பது எங்கள் வீட்டிலேயே சரியாகத் தெரியாது. "ஏர்ஃபோர்ஸ்ல இருந்தேன்" என்பார், அதோடு சரி. பரணில் இருந்த தகரப் பெட்டியில் அவர் பறந்த கணக்கை எழுதிவைத்த லாக் புக் கிடைத்தபோது எங்களுக்கு அது வெறும் எண்களும் ஆங்கிலச் சுருக்கெழுத்துமாகத்தான் தெரிந்தது.

அதைப் படித்துக்காட்டிய மணலி சார்ஜெண்ட் ஐயாவுக்குத்தான் முதல் நன்றி. விமானப்படையில் இருந்து ரிட்டயர் ஆனவர், எங்களுக்குச் சொந்தமும் இல்லை, முன்பின் பழக்கமும் இல்லை. பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, பேகம்பேட்டையில் டைகர் மாத் விமானத்தில் பழகியது, அம்பாலாவில் மேல்பயிற்சி, அப்புறம் 1944-ல் மணிப்பூரில் இம்பால், ஹரிக்கேன் போர் விமானம் என்று ஒவ்வொரு வரியாக எங்களுக்கு விளக்கினார். அந்தப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் "டாக் ஆர்" என்பது உளவுப் பறத்தல் என்று அவர் சொல்லித்தான் தெரியும். இரண்டு இரண்டு விமானமாகத் தாழ்வாகப் போவார்களாம். ஒருவர் தரையையே பார்த்துக்கொண்டு, பாதையில் லாரி இருக்கிறதா, பாலம் உடைந்திருக்கிறதா, ஆற்றங்கரையில் படகு கட்டியிருக்கிறதா என்று மனசில் பதித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் பின்னாலேயே இடமும் வலமுமாக வளைந்து பறந்து, எதிரி விமானம் வருகிறதா என்று முதுகைக் காக்க வேண்டும். இறங்கியதும் பார்த்ததை எல்லாம் உளவு அதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். இதைத்தான் அர்ஜன் சிங் தலைமையில் முதலாவது ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவு அங்கே செய்தது, தாத்தா அதில் ஒருவர். அந்த வருஷம் ஜப்பானியர்கள் கோஹிமா சாலையை அடைத்துவிட, ஜூன் 22 அன்று வழி திறக்கும்வரை இம்பாலுக்கு அரிசியிலிருந்து தோட்டா வரை எல்லாம் வானத்து வழியாகத்தான் போனது என்றும் சார்ஜெண்ட் ஐயாதான் சொன்னார். ஐயா, உங்களுக்குக் காபி மட்டும்தான் கொடுக்க முடிந்தது, அதையும் சர்க்கரை இல்லாமல்.

அடுத்தது வியாசர்பாடி பர்மா குடும்பம். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு முன்பே ஒருவர் என்னிடம் நேராகக் கேட்டார், "வெள்ளைக்காரனுக்காகத்தானே பறந்தாரு, அதுக்கு எதுக்கும்மா விழா?" என்று. நியாயமான கேள்விதான், கோபப்பட ஒன்றும் இல்லை. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தபோது மெட்ராஸே மூட்டை கட்டிக்கொண்டு கிராமங்களுக்கு ஓடியது, அந்த வருஷக் கடைசியில்தான் தாத்தா சேர்ந்தார் என்று பதில் சொல்லிப் பார்த்தேன், எனக்கே முழுத் திருப்தி இல்லை. இந்தக் குடும்பத்துப் பெரியவர் ரங்கூனில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வில் சேர்ந்து, அதே 1944-ல் இம்பாலை நோக்கி நடந்தவர். அதாவது கீழே அவர், மேலே எங்கள் தாத்தா. மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் எத்தனையோ தமிழர்கள் அந்தப் படையில் போனார்கள், அவர்களைத் தேடிப்பிடித்துச் சொல்வதும் தாத்தாவின் வேலையில் ஒரு பகுதியாக இருந்திருக்கும். போர் முடிந்து ஊர் முழுக்க ஐ.என்.ஏ. வீரர்களைக் கொண்டாடியபோது தாத்தா ஏன் வாயே திறக்கவில்லை என்பது எனக்கு இப்போதுதான் கொஞ்சம் புரிகிறது. அந்தப் பெரியவரின் பேரன் தன் வீட்டுப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல், தாத்தா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். அவருடைய அம்மா எல்லாருக்கும் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும் செய்து கொண்டுவந்தார். கேள்வி கேட்டவரும் இரண்டு தட்டு சாப்பிட்டார், நான் பார்த்தேன்.

பட்டறையில் கடைசிவரை இருந்த டர்னர் அண்ணனுக்கு நன்றி. போர் முடிந்து படையைக் குறைத்தபோது வெளியே வந்த தாத்தா, கையில் வந்த பணத்தில் ஒரு பழைய லேத்தை வாங்கிப் போட்டார். அப்போது இந்த ஊர் அப்படித்தான் வளர்ந்துகொண்டிருந்தது, எம்.ஆர்.எஃப். 1946-ல் இங்கே ஒரு கொட்டகையில் பலூன் செய்துகொண்டிருந்தது, என்ஃபீல்டு 1955-ல் வந்தது, அந்தப் பக்கம் எண்ணூரில் லேலண்டு. பெரிய ஆலைகளைச் சுற்றிச் சின்னப் பட்டறைகளுக்கு ஜாப் ஒர்க் கிடைத்தது. அண்ணன் சொன்ன ஒரு விஷயம் எனக்கு மறக்காது. ராத்திரி ஷிஃப்டில் ஆள் ஒருவர்தான் வந்திருக்கிறார் என்றால், ஆர்டர் எவ்வளவு அவசரமானாலும் மொதலாளி மெஷினை ஓட்ட விடமாட்டாராம். "ஒருத்தன் வேலையப் பாக்கணும், இன்னொருத்தன் அவனப் பாக்கணும்" என்பாராம். இதைக் கேட்டதும் நான் இம்பாலை நினைத்தேன். சார்ஜெண்ட் ஐயா, "ஃபேக்டரி சட்டத்துக்குப் பயந்திருப்பாரு, நீ கதை கட்டாதேம்மா" என்கிறார். இருக்கட்டும், நான் கட்டிக்கொள்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது, கூட்டத்தில் ரொம்பப் பேர் தாண்டிப்போன மூன்றாவது மேஜைதான். விமானப் படங்களைச் சுற்றிப் பையன்கள் மொய்த்தார்கள், சரி, வயசு அப்படி. ஆனால் அந்த மேஜையில் இருந்த பச்சை அட்டை நோட்டுகள் வேறு ரகம். பல வருஷம் தேர்தலே இல்லாமல் இருந்து 1986-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது தாத்தா சுயேச்சையாக நின்று ஜெயித்தார். அதற்கப்புறம் தினமும் காலையில் சைக்கிளில் வார்டைச் சுற்றிவந்து எழுதிய நோட்டுகள் அவை. எந்தத் தெருக்குழாயில் வாஷர் போயிருக்கிறது, எந்த அடிபம்பில் தண்ணீர் மஞ்சளாக வருகிறது, எந்த விளக்கு எரியவில்லை, நேரம் போட்டு, பார்த்தது தனியாக, அடுத்தவர் சொன்னது தனியாக. வாஷர் மாதிரிச் சின்ன வேலைகளை நகராட்சிக்குச் சொல்லாமல் பட்டறையிலிருந்தே ஆள் அனுப்பி முடித்திருக்கிறார்.

அந்த நோட்டுகளிலேயே கடற்கரைப் படங்களும் இருக்கின்றன. துறைமுகச் சுவர்கள் வந்தபிறகு தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தடைபட்டு மெரினா அகலமாகிக்கொண்டே போனது, நம் பக்கம் மணல் வராமல் கடல் உள்ளே வந்தது என்பது உங்களுக்குத் தெரியாதது அல்ல. தாத்தா ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் குப்பங்களின் ஓரமாக நடந்து, கோவில் சுவரிலிருந்து தண்ணீர் எத்தனை அடி என்று காலடியால் அளந்து கோட்டுப்படம் போட்டிருக்கிறார். மேலிருந்து பார்த்த மாதிரியே இருக்கிறது ஒவ்வொரு படமும். எந்த வீடு எந்த வருஷம் போனது என்று அதைப் பார்த்துச் சொன்ன குப்பத்து அத்தைக்கு என் தனி நன்றி. "இத்தோ, இது எங்க ஊடு, இப்போ கடல்ல கீது" என்று அவர் விரலை வைத்துக் காட்டியபோது, விமானப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பையன்களும் இந்தப் பக்கம் வந்தார்கள். கல் போட்டுச் சுவர் கட்டக் கேட்டுத் தாத்தா எழுதிய மனுக்களின் நகல்களை வரிசைப்படுத்திக் கொடுத்த ரிட்டயர்டு நகராட்சி கிளார்க் அம்மாவுக்கும் நன்றி. 2011-ல் நகராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தபோது அந்தக் காகிதங்களை அவர் தன் வீட்டு பீரோவில் எடுத்துவைத்திருக்காவிட்டால் எடைக்குத்தான் போயிருக்கும்.

ஃபிளெக்ஸ் அடித்துக்கொடுத்து பாதிக் காசு மட்டும் வாங்கிய அண்ணன், நாற்காலியும் சாமியானாவும் கொடுத்தவர், தேரடி மெட்ரோவில் நின்று வழி காட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகள், கரண்ட் போனபோது ஜெனரேட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்த மவராசன், எல்லாருக்கும் நன்றி. மாலை, சால்வை வேண்டாம் என்று சொல்லியும் கொண்டுவந்தவர்களே, சால்வைகள் எல்லாம் குப்பத்துப் பாட்டிகளுக்குப் போய்விட்டன.

நோட்டுகளையும் லாக் புக்கையும் ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறோம். கடல் அரிப்பு பற்றிப் படிக்கிற மாணவர்கள் யாருக்காவது அந்தக் கோட்டுப்படங்கள் வேண்டுமென்றால் பட்டறைக்கு வந்து பார்க்கலாம், அம்மா மதியம் வரை அங்கேதான் இருப்பார். படம், பழைய ரசீது, கடிதம் என்று எதையாவது இரவல் கொடுத்தவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், மூடி இல்லாத ஒரு நாலடுக்கு டிபன் கேரியர் எங்கள் வீட்டில் இருக்கிறது. மூடி வைத்திருப்பவர் வந்தால் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.