கோயில் கிணறு, கேணி, மடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

பிள்ளையார் கோயில் வீதிக் கிணறு, கேணி, மடம் ஆகியவற்றின் திருப்பணி 2025 புரட்டாசியோடு முடிந்தது. கோபுரமும் இல்லை, கும்பாபிஷேகமும் இல்லை, இதெல்லாம் ஒரு திருப்பணியா என்று பகிடி பண்ணியவர்கள் உண்டு. நம் முன்னோர் தெருவோரத்தில் கிணறு வெட்டி, மாட்டுக்குத் தொட்டி வைத்து, மாடு உடம்பு உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல் நட்டு, சுமைதாங்கி கட்டியதையும் தர்மக் கணக்கில்தான் எழுதினார்கள். அந்த வழியில்தான் நாமும் போனோம்.

எப்படித் தொடங்கியது என்பது ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்களுக்காகச் சொல்கிறோம். 2022 பங்குனியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. ஆவணியில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. இறைப்பு மெசின் வைத்திருந்தவர்கள் கானோடு வரிசையில் நின்றார்கள், வெங்காயப் பாத்தி காய்ந்தது. வீட்டுக் கிணறுகளில் கப்பியைக் கழற்றிவிட்டு மோட்டர் பூட்டி வெகுகாலம். மேல்தொட்டி வற்றியதும், கிணறு நிறையத் தண்ணீர் கிடக்க, அள்ளுவதற்கு வாளியும் கயிறும் தேடி அயல் வீடுகளுக்கு ஓடினோம். வெட்கம்தான்.

வெட்கம் ஏனென்றால், நாங்கள் இதைவிட மோசமானதைப் பார்த்தவர்கள். 1990 யூனில் யுத்தம் மறுபடி மூண்டபோது லக்சபானா நீர்மின் நிலையத்திலிருந்து வந்த கரண்ட் நின்றது. யாழ்ப்பாணக் குடாநாடு திரும்பவும் தேசிய மின்வலையோடு சேர்ந்தது 2013-இல். இடையில் ஜெனரேட்டர் கரண்ட் துண்டு துண்டாக வந்தது வேறு கதை. முதல் ஐந்து வருடமும் சுத்தமாக இல்லை. டீசலும் பற்றரியும் பசளையும் தடைப்பட்டியலில், மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் யானை விலை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ பூட்டி பி.பி.சி. தமிழோசை கேட்டோம். பனங்காய்க் களியில் உடுப்புத் தோய்த்தோம். கொடியில் காயப்போட்டதை மாடு வந்து சப்பிவிட்டுப் போகும். தோட்டக்காரர் பழைய துலாவை, அதாவது ஒருவர் மேலே ஏறி நடந்து மிதிக்கக் கிணற்றுத் தண்ணீரை இறைக்கும் நெடிய மரத்தை, தூசி தட்டி எடுத்தார்கள். அவர்களால் எடுக்க முடிந்தது, ஏனென்றால் மண்ணெண்ணெய் மெசின் ஊருக்குள் வந்து அப்போது முப்பது வருடம் மட்டில்தான். துலா மிதித்த கால்கள் இன்னும் உயிரோடு இருந்தன.

2022-இல் அப்படி இல்லை. எங்கள் ஊரில் துலா மிதித்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தோம். இரண்டு பேர். ஒருவருக்கு 81 வயது, மற்றவருக்கு 78.

சரி, வேலைக்கு வருவோம். முதல் கூட்டத்திலேயே பிரச்சினை. புலம்பெயர் அங்கத்தவர்கள் சிலர் சோலர் தகடு பூட்டி, குழாய்க்கிணறு அடித்து, பெரிய தாங்கி ஒன்று வைப்போம், முழுச் செலவும் எங்களது என்றார்கள். நல்ல மனம்தான். நாங்கள் மறுத்ததில் சிலருக்கு மனத்தாங்கல் இன்னும் உண்டு. ஆகவே காரணத்தை எழுத்தில் வைக்கிறோம்.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. அதுதான் நாங்கள் குடிப்பது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் தாங்கும் என்பது கணக்கு. மறுவளமாகப் பார்த்தால், மேலே 1 அடியை உறிஞ்சி எடுத்தால் காலப்போக்கில் கீழேயிருந்து உவர் 40 அடி மேலே வரப் பார்க்கும். சோலர் மோட்டருக்கு எண்ணெய்ச் செலவு இல்லை. வெயில் இருக்கும்வரை இறைக்கும். நிறுத்தச் சொல்ல ஒருவரும் இல்லை. துலா அப்படியல்ல. மிதிப்பவனுக்குக் களைப்பு வரும், அதற்குள் ஊற்று திரும்பச் சுரந்துவிடும். நாங்கள் மெசினுக்கு எதிரிகள் அல்லர். தோட்டத்துக்கு அவரவர் விருப்பம், குடிதண்ணீர்க் கிணற்றில் வேண்டாம் என்று தீர்மானித்தோம். சோலர் தகடு 2 மட்டும் மடத்துக் கூரையில் பூட்டியிருக்கிறோம், ஒரு விளக்குக்கும் போன் சார்ஜ் செய்யவும்.

இரண்டாவது தீர்மானம் இதைவிடக் கடினமானது. இந்தக் கிணற்றில் ஒரு காலத்தில் எல்லாரும் அள்ள முடியாது. சாதியின் பேரால் சில குடும்பங்கள் தூர நின்று, மற்றவர் இரங்கி வார்க்கும்வரை காத்திருந்த இடம் இது. ஒடுக்கப்பட்ட சாதியாருக்குக் கோயிற் கதவு திறக்க வேண்டும் என்று மாவிட்டபுரத்தில் 1968-இல் நடந்த போராட்டம் பாடமாகப் படித்தது அல்ல, எங்களில் மூத்தவர்கள் கண்ணால் கண்டது. பழையதைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி அதையும் சேர்த்துப் புதுப்பிக்க முடியாது. முதற் கல் வைக்க முன்னரே, யாரும் தங்கள் கையால் அள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டோம். பணம் தருவதாகச் சொன்ன இரண்டு பேர் பின்வாங்கினார்கள். வேலை நிற்கவில்லை.

கிணற்றில் சேறு வாரியது 2023 ஆவணியில். ஆறு நாள் எடுத்தது. அடியில் வந்தவை: இரண்டு சைக்கிள் றிம், ஒரு பித்தளைச் செம்பு, கணக்கில்லாத வாளிகள், வெடிக்காத ஏதோ ஒன்று. கடைசியைக் கண்டதும் வேலையை நிறுத்தி அறிவித்தோம். உரியவர்கள் வந்து எடுத்துப் போகும்வரை மூன்று கிழமை போனது. உட்சுவரில் பழைய முருகைக்கல் பெயர்ந்த இடங்களைச் சுண்ணாம்புச் சாந்தால் பொருத்தினோம். முதலில் வந்த மேசன் நாங்கள் இல்லாத நேரம் பார்த்து ஒரு பக்கம் சீமெந்து பூசிவிட்டார், ஊற்றுக் கண் இரண்டு அடைபட்டது. உடைத்து எடுத்த செலவு கணக்கில் தனி வரியாக இருக்கிறது. மேற்பார்வைக்கு ஆள் வைக்காதது எங்கள் பிழை.

துலாவைத் தாங்கும் ஆடுகாலாக நின்ற பூவரசுகள் எப்போதோ விழுந்துவிட்டன. பனந்தூண் நடுவோம் என்றால், பனை தறிக்க அனுமதி வேண்டும். அதற்கே மாதக்கணக்கில் நடந்தோம். துலாவுக்குத் தென்னை போட்டது இன்னொரு பிழை. 81 வயதுக்காரர் "வைரம் பாயாத மரம், வெடிக்கும்" என்று முதல் நாளே சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. நாலாம் நாள் வெடித்தது, நல்ல காலம் மேலே ஒருவரும் இல்லை. இப்போது இருப்பது முதிர்ந்த பனை, துலாவை ஆடுகாலில் கோர்க்கும் அச்சுலக்கையும் அவர் காட்டிய அளவில்தான். கடையில் வாங்கிய நைலோன் கயிறு கையை அறுத்தது. அதையும் மாற்றியாயிற்று.

துலாக்கயிற்றில் கட்டித் தண்ணீர் அள்ளும் பனையோலைப் பட்டை இழைக்கத் தெரிந்த ஒரு அம்மாவை அயலூரில் கண்டுபிடித்தோம். அவரிடம் ஒன்பது பேர் பழகினார்கள், நால்வருக்குக் கை வந்திருக்கிறது. துலா மிதிக்க இளந்தாரிகள் பதினொரு பேர் பழகினார்கள். முதல் கிழமை பார்க்கச் சனம் கூடிச் சிரித்தது. துலாவின் மேல் முன்னும் பின்னும் நடப்பது இலேசான வேலை அல்ல, கால் ஓரடி பிசகினால் கிணறு. பட்டை பிடிப்பவனும் மிதிப்பவனும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுத்தான் செய்ய வேண்டும். 78 வயதுக்காரர் இவர்களைப் பழக்கி முடித்த மறு மாதம் காலமானார். மடத்துத் திண்ணையில் அவர் இருந்து சொல்லிக்கொடுத்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறோம்.

மாட்டுத் தொட்டி காணாமற் போயிருந்தது. ஒரு வீட்டில் உடுப்புத் தோய்க்கும் கல்லாகக் கவிழ்ந்து கிடந்ததை அந்த வீட்டாரே வண்டியில் ஏற்றி வந்து தந்தார்கள். கேணியில் நுளம்பு பெருகும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) சொன்னபடி மீன் விட்டாயிற்று. வீதியின் தென்பக்கம் இலுப்பைக் கன்று ஏழு வைத்தோம், ஆடு கடித்தது போக ஐந்து நிற்கிறது. காய்த்துக் கோயில் விளக்குக்கு எண்ணெய் வரப் பத்துப் பன்னிரண்டு வருடமாவது ஆகும்.

மடத்தில் ஒரு நாள் ஜாம் போத்தல் விளக்குச் செய்து காட்டினோம். போத்தலின் அடியில் பஞ்சு, அதில் ஊற மட்டும் மண்ணெண்ணெய், சைக்கிள் வால்கட்டைக்குள்ளால் திரி. சொட்டுக் கணக்கில் எண்ணெய், இரவு முழுக்க ஒரு பொட்டு வெளிச்சம். இந்த விளக்கில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துத் தேறியவர்கள் இன்று பெற்றோர். பிள்ளைகள் அதைச் செல்பி எடுத்தார்கள். எடுக்கட்டும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதில் நாடு முழுக்க இருண்டது. அடுத்தடுத்த நாள்களிலும் ஒன்றரை மணித்தியால வெட்டு. அப்போது கிணற்றுக்கட்டு பாதிதான் முடிந்திருந்தது. பின்னேரம் பார்த்தால் குடத்தோடும் கானோடும் சனம் வந்து நிற்கிறது. பின்வாங்கிய இருவரில் ஒருவரின் வீட்டிலிருந்தும் வந்தார்கள். அள்ளிக்கொண்டு போனார்கள்.

வரவு செலவு முழு விபரமும், பற்றுச்சீட்டுகளோடு, வாசகசாலையில் உள்ளது. வெளிநாட்டு அங்கத்தவர்களுக்குப் பிரதி அனுப்பப்படும். மீதிப் பணத்தைக் கயிற்றுக்கும் பட்டைக்கும் என்று தனியே ஒதுக்கியிருக்கிறோம், வேறு எதற்கும் தொடுவதில்லை. துலா ஒவ்வொரு ஞாயிறும் காலையில் மிதிக்கப்படும், தண்ணீர் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். முறை அட்டவணை மடத்துத் தூணில் ஒட்டியிருக்கிறது. அதில் ஐப்பசி மூன்றாம் ஞாயிறுக்கு இன்னும் ஆள் இல்லை. விரும்புபவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.

திருப்பணிக் குழுவினர்