பனை ஏறும் கருவியும் பேட்டன்டும்: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

தாராவி, மும்பை
ஞாயிறு மதியம், நல்ல மழை

அன்புள்ள மாப்பிள்ளை,

முதல் வேலையாக, நம்ம ஊர்க்காரர்கள் வாட்ஸாப் குரூப்பில் நீ போட்ட வீடியோவை எடுத்துவிடு. கடிதத்தை அப்புறம் படி. எடுத்தாச்சா? சரி.

கோபித்துக்கொள்ளாதே. வீடியோ பிரமாதம். உன் தம்பி மகன் நீ செய்த பனை ஏறும் கருவியில் கால் வைத்து, காலில் மாட்டும் தளையும் இல்லாமல் நெஞ்சும் உரசாமல் அவ்வளவு உயரம் ஏறிப் பாளைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்ததை நான் நாலு தடவை போட்டுப் பார்த்தேன். எங்கப்பா நெஞ்சில் இருந்த காய்ப்பு உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்த்து மரப்பட்டை மாதிரி இருக்கிறது என்று சிரிப்போமே, நாலாவது தடவை பார்க்கும்போது அதுதான் கண் முன்னால் வந்தது. ஆனால் அந்த குரூப்பில் இருநூறு பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். நல்லவேளை, தூரத்தில் நின்று எடுத்ததால் வளையத்தை இறுக்கும் பூட்டு வேலை செய்கிற விதம் தெரியவில்லை. இனிமேல் பக்கத்தில் வைத்து எதையும் எடுக்காதே, கல்யாண வீட்டில் கேட்டாலும் விளக்கம் சொல்லாதே. பேட்டன்டுக்கு முதல் தகுதியே விண்ணப்பம் போடும் நாளுக்கு முன்னால் அது வெளியே தெரிந்திருக்கக்கூடாது என்பதுதான், நீயே வெளியிட்டிருந்தாலும் அதே கதைதான். அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியிட்டால் ஒரு வருஷம் தவணை உண்டு. நம்ம சட்டத்தில் அந்தச் சலுகை குறுகலானது, அரசு அறிவித்த கண்காட்சி, அறிஞர் சபையில் வாசித்த கட்டுரை என்று சில இடங்களுக்கு மட்டும்தான். ஊர் குரூப்பை யாரும் அறிஞர் சபை என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

(பேட்டன்ட் என்றே எழுதுகிறேன். காப்புரிமை என்று எழுதினால் இங்கே பாதிப் பேர் சினிமாக் கதையைத் திருடிய வழக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.)

இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் வலி மழைக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது. இந்தப் பகுதியை இடித்துக் கட்டப்போவதாகக் கடைக் கதவில் சர்வே நம்பர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள், அதன் பிறகு என்ன என்று யாருக்கும் தெரியவில்லை, லேத்தை எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் யோசித்துவிட்டுத் தூங்குகிறேன். பெரியவள் படிப்பு அடுத்த வருஷம் முடிகிறது.

உனக்கு இவ்வளவு பெரிய கடிதம் எழுதக் காரணம் என் முறுக்குக் குழல் கதைதான். அதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. குழலில் மாவை அடைக்கும்போது உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும், பிழியும்போது அந்த இடத்தில் முறுக்கு வெடித்து அறுந்துபோகும். நான் மேல் கட்டையின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு காடி, அதாவது பள்ளக் கோடு, போட்டேன், காற்று அதன் வழியாக வெளியேறிவிடும். உலகத்தில் யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டது என்று நினைத்தேன். ஒரு ஆள் வந்தார், பேட்டன்ட் எடுத்துத் தருகிறேன் என்றார், நாற்பத்தைந்தாயிரம் வாங்கினார். முன்னால் யாராவது செய்திருக்கிறார்களா என்று அவர் தேடவும் இல்லை, தேடவேண்டும் என்று எனக்கும் தெரியாது. பேட்டன்ட் அலுவலகத்தின் பரிசோதனை அறிக்கை வந்தபோது அதில் இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டியிருந்தார்கள். ஒன்று வெளிநாட்டு மாவு பிழியும் இயந்திரம், நான் பிறப்பதற்கு முன்னால் எழுதியது, அதில் என் காடி அப்படியே இருந்தது. பதில் எழுத அந்த ஆள் இன்னும் பணம் கேட்டார். நான் விட்டுவிட்டேன், ஆறு மாதத்தில் பதில் போகாததால் விண்ணப்பம் கைவிட்டதாக ஆகிப்போனது.

ஆனால் கேள். ஒரு வருஷம் கழித்து ஆத்திரம் அடங்கினபின் அந்தப் பழைய ஆவணத்தை மகளை வைத்துப் படித்தேன். படத்தில் அவர்கள் காடியை நேராகப் போடாமல் சாய்த்துப் போட்டிருந்தார்கள், சாய்வாக இருந்தால் மாவு வந்து அடைக்காது. பேட்டன்டுக்கு ஆயுசு விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 20 வருஷம்தான், அது முடிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, இந்தியாவில் அது எடுக்கப்படவே இல்லை. அப்படியானால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். இப்போது என் கடையில் போகிற குழல் எல்லாம் சாய்வுக் காடிதான். என்னைத் தோற்கடித்த காகிதம்தான் இப்போது சோறு போடுகிறது. நாற்பத்தைந்தாயிரம் கொடுப்பதற்கு முன்னாலேயே அதைப் படித்திருக்கலாமே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

அதனால் நீ முதலில் தேடு. காசு கொடுத்துத் தேட வேண்டியதில்லை. கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பிய பேட்டன்ட் அலுவலகத்தின் எஸ்பாசெநெட், ஐ.நா.வின் அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போ நடத்தும் பேட்டன்ட்ஸ்கோப், நம்ம அரசின் இன்பாஸ், இந்தத் தேடல் தளங்கள் எல்லாமே இலவசம். எஸ்பாசெநெட்டில் மட்டும் 15 கோடி ஆவணத்துக்கு மேல் இருக்கிறது. நம்ம பேட்டன்ட் அலுவலகத்தின் ஜர்னல் வெள்ளிக்கிழமை தோறும் வருகிறது, அதையும் இறக்கிக்கொள்ளலாம்.

சிக்கல் வார்த்தையில்தான். பனை, தென்னை என்று தேடினால் கொஞ்சம்தான் வரும். உன் கருவியின் அண்ணன் தம்பிகள் வேறு வேறு பெயரில் ஒளிந்திருக்கிறார்கள். கரண்ட் கம்பம் ஏறும் லைன்மேனுக்குச் செய்த கருவி இருக்கும். அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மரத்தில் ஏறி உட்கார ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள், மேல் தட்டு கீழ்த் தட்டு என்று இரண்டு, கையால் ஒன்றைத் தூக்கி, காலால் மற்றதைத் தூக்கி, புழு மாதிரி ஏறுவார்கள். அசப்பில் உன்னுடையது மாதிரியே இருக்கும், பயந்துவிடாதே. கேரளாவில் செம்பேரி ஊர்க்காரர் செய்த தென்னை ஏறும் கருவி உனக்கே தெரியும். இத்தனை பெயரையும் யோசித்துத் தேடி முடியாது, அதற்குத்தான் வகைக் குறியீடு வைத்திருக்கிறார்கள். கம்பமும் மரமும் ஏறும் கருவிகளுக்கு ஏ63பி 27/00 (A63B 27/00). சிரிக்காதே, அந்த ஏ63பி என்பது உடற்பயிற்சி, நீச்சல், பந்து விளையாட்டு எல்லாம் சேர்ந்த வகை. நம்ம அப்பாக்கள் விடியற்காலையிலும் சாயங்காலமும் அத்தனை மரம் ஏறி இறங்கினதை உலகம் விளையாட்டுச் சாமானுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறது. வேட்டைத் தட்டு ஏ01எம் 31/02 (A01M 31/02) என்ற இடத்தில் இருக்கும். அந்தக் குறியீட்டைப் போட்டுத் தேடினால் எந்த மொழியில் எழுதியிருந்தாலும் வரும். சீன ஆவணத்தைக்கூட கூகுள் இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்துவிடும், கொச்சையாக இருந்தாலும் படம் புரியும். நெருக்கமாக ஒன்று கிடைத்தால் அது எந்தப் பழைய ஆவணங்களை மேற்கோள் காட்டியிருக்கிறது, பின்னால் வந்தவர்கள் யார் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று இரண்டு பக்கமும் நூல் பிடித்துப் போ. எனக்கு உபயோகப்பட்டதிலேயே பெரிய வித்தை அதுதான்.

தேடும்போது உன் மருமகனைப் பக்கத்தில் வைத்துக்கொள். முதலில் படத்தைப் பார், அப்புறம் கடைசியில் இருக்கும் க்ளெய்ம், அதாவது உரிமை கோரும் பகுதியை மட்டும் நிதானமாகப் படி. நடுவில் உள்ளது வக்கீல் நோட்டீஸ் மாதிரி இழுக்கும். க்ளெய்ம்தான் வேலி, அதற்கு உள்ளே இருப்பதுதான் அவர்களுடையது.

இப்படிப் பார்த்தால் உன்னுடையது எது என்று உனக்கே தெரிந்துவிடும். மரத்தைச் சுற்றி வளையம் போடுவது உன்னுடையது இல்லை, அது முன்பே இருக்கிறது. காலைப் பிணைத்து ஏறுவது நம்ம தாத்தாவின் தளைநார். கால் மிதி உன்னுடையது இல்லை. முருக்குத்தடியைச் சாய்த்து முதல் ஆள் உயரம் ஏறுவதும் காலங்காலமாக உள்ளது. பாரம்பரிய அறிவைப் பேட்டன்ட் எடுக்க முடியாது என்று நம்ம சட்டத்தின் 3(p) பிரிவிலேயே இருக்கிறது. மஞ்சள் கதை தெரியும்தானே, காயத்தை ஆற்ற மஞ்சள் என்று அமெரிக்காவில் 1995-ல் பேட்டன்ட் கொடுத்துவிட்டார்கள், நம்ம அரசின் அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களைத் தோண்டிக் காட்டி 1997-ல் ரத்து செய்ய வைத்தது. அதற்குப் பிறகுதான் சித்த மருத்துவ நூல்கள் உட்பட எல்லாவற்றையும் வெளிநாட்டுப் பரிசோதகர்கள் தேடிப் பார்க்கும்படி பாரம்பரிய அறிவு மின் நூலகம் ஒன்றைக் கட்டினார்கள். அதே நியாயம் நமக்கும்தான். நீ செய்ததில் புதுசாக எனக்குப் படுவது ஒன்றுதான்: பனை அடியில் பருத்து மேலே போகப் போக ஒடுங்கும்போது, ஏறுகிறவன் நிறுத்திக் கையால் திருகாமல், அவன் எடையாலேயே வளையம் இறுகுகிறதே, அந்தப் பூட்டு. தென்னைக் கருவியில் பாதி வழியில் நின்று சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று நீதானே சொன்னாய். க்ளெய்ம் அதன் மேல்தான் உட்கார வேண்டும். இதே பூட்டு ஏற்கெனவே எங்கேயாவது இருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது, மனசு கொஞ்சம் உடையும், காசு மிஞ்சும்.

தேடி முடித்து ஒன்றும் சிக்கவில்லை என்றால் தாமதிக்காமல், தேதியைப் பிடித்து வைக்கும் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடு. தனி ஆளுக்கு ஆன்லைனில் 1600 ரூபாய், காகிதமாகக் கொடுத்தால் 1750. ஆன்லைனுக்கு டிஜிட்டல் கையெழுத்து வாங்க வேண்டும், அந்தச் செலவைக் கணக்குப் போட்டால் உனக்குக் காகிதமே லாபம். எனக்குப் பேட்டன்ட் அலுவலகம் இங்கே ஆன்டாப் ஹில்லில், நடந்தே போய்விடலாம், நீ தென்காசியில் இருப்பதால் சென்னை அலுவலகம்தான், கிண்டியில் இருக்கிறது. தற்காலிகம் போட்ட நாளிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது செத்துவிடும். இன்னொன்றைக் கவனி: தற்காலிகத்தில் எழுதாத எதற்கும் அந்தத் தேதி கிடைக்காது. அதனால் இரும்புக் கயிறு, பெல்ட், சங்கிலி, ஸ்பிரிங் உள்ளது, இல்லாதது என்று உனக்குத் தோன்றுகிற அத்தனை மாற்றையும் எழுதி, படமும் போட்டுக் கொடு. ஒரு பக்கத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் அதுவாக நடக்காது. பரிசோதனை செய்யச் சொல்லித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தனி ஆளுக்கு ஆன்லைனில் 4000 ரூபாய், 31 மாதத்துக்குள் போட வேண்டும். முன்பு 48 மாதம் இருந்தது, 2024 மார்ச்சில் குறைத்துவிட்டார்கள். பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு 48 என்று சொல்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், நம்பாதே. பேட்டன்ட் கிடைத்தபின், விண்ணப்பம் போட்ட தேதியிலிருந்து எண்ணி மூன்றாம் வருஷம் முதல் வருஷா வருஷம் கட்டணம், 800-ல் ஆரம்பித்து ஏறிக்கொண்டே போகும், கட்டாவிட்டால் போய்விடும்.

இப்போது தங்கச்சி விஷயம். அந்த வளையத்துக்கு உள்ளே பழைய டயர் ரப்பரை வைத்துத் தைக்கச் சொன்னது அவள்தானே? மரத்தில் வழுக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நீயே போனில் சொன்னாய். அப்படியானால் அவளும் கண்டுபிடித்தவள், அவள் பெயரும் படிவத்தில் வரவேண்டும். தயவுக்காகச் சொல்லவில்லை, அதுதான் உண்மை. அதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. தனி நபர்கள் விண்ணப்பிக்கும்போது ஒருவராவது பெண்ணாக இருந்தால் துரிதப் பரிசோதனை கேட்கலாம், 4000-க்குப் பதில் 8000 ஆகும், ஆனால் வரிசையில் வருஷக்கணக்கில் நிற்க வேண்டாம்.

முழு விவரக்குறிப்பையும் க்ளெய்மையும் மட்டும் நீயே எழுத முயலாதே. அதற்குப் பதிவு பெற்ற ஏஜென்ட் வேண்டும், அரசு இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது, பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதே. தேடிய தாள்களைக் கையோடு கொண்டுபோ, அப்போதுதான் அவரும் உன்னை மதித்துப் பேசுவார். கட்ட முடியாது என்றால் குஜராத்தில் உள்ள தேசியப் புத்தாக்க அறக்கட்டளைக்கு எழுதிப் பார், கிராமத்துக் கண்டுபிடிப்பாளர்களுக்குப் பேட்டன்ட் போட உதவுகிறவர்கள். உலகம் முழுவதற்கும் ஒரே பேட்டன்ட் எடுத்துத் தருகிறேன் என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடு, அப்படி ஒன்று கிடையவே கிடையாது. விண்ணப்பம் வெளியானபின் உன் முகவரிக்கு அரசு முத்திரை மாதிரி போட்டுக் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்தாலும் எனக்குக் காட்டாமல் கட்டாதே.

ஆடிக்கு வருவதாகச் சொன்னாயே, வரும்போது பூட்டை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வா, லேத்தில் வைத்து ஒரு தடவை பார்த்துவிடுவோம், அந்த ஊசி தேய்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். ரயிலில் யாரிடமும் காட்டாதே. கருப்பட்டி இரண்டு கிலோ, இந்தத் தடவை சீனி கலக்காதது. தங்கச்சியின் ஆதாரில் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்து அனுப்பு, படிவத்தில் அதே எழுத்து வேண்டும்.

உன் மச்சான்