அம்மாவுக்கு மாத்திரை அனுப்பிய சேலத்து உறவுகளுக்கு

தாரமங்கலத்திலும் செவ்வாய்ப்பேட்டையிலும் ஏற்காட்டிலும் இருக்கும் அண்ணன்மார், அக்காமார், பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அம்மா சொல்லித்தான் இதை எழுதுகிறேன். "ஊரே சேர்ந்து செய்த உதவி தம்பி, ஊரறிய நன்றி சொல்லு" என்றார்.

எங்கள் கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1990இல் இலங்கையின் மன்னாரிலிருந்து படகேறி வந்து, மண்டபம் அகதி முகாமில் பதிந்து, அங்கிருந்து சேலம் மாவட்டத்து முகாமுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். நான் வளர்ந்தது, படித்தது, பெயிண்ட் வேலை பழகியது எல்லாம் இங்கேதான். 2009இல் போர் முடிந்து சில வருடம் கழித்து, அம்மா அண்ணன் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பினார். கட்டுக்கரைக் குளத்துப் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருந்தது. அதை நம்பித்தான் போனார்கள்.

அப்புறம் நடந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். 2020 அக்டோபரில் இலங்கை அரசியலமைப்பைத் திருத்தி, ஜனாதிபதி ஒருவர் கையிலேயே அதிகாரத்தைக் குவித்தார்கள். மஞ்சள் இறக்குமதி நின்றது. ஈரோட்டிலும் சேலத்திலும் மூட்டை மூட்டையாக மஞ்சள் ஏலம் போன அதே நாட்களில், அம்மா மஞ்சள் இல்லாமல் குழம்பு வைத்தார். 2021 மே மாதம் ரசாயன உரத்துக்குத் தடை. விவசாயி ஒருவரையும் கேட்காமல் போட்ட உத்தரவு அது. நவம்பரில் தடையை விலக்கினார்கள், ஆனால் காலபோகத்துக்கு, அதாவது மழைக்கால நெல் சாகுபடிக்கு, யூரியா வந்து சேரவில்லை. எங்கள் வயலில் விளைச்சல் பாதிகூட இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. ஏப்ரலில் கேஸ் சிலிண்டர் விலை அந்த ஊர்க் காசில் 4,860 ரூபாய். அதைக் கொடுக்கத் தயாராக இருந்தாலும் கடையில் சிலிண்டர் கிடையாது.

அந்த நேரம் நான் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவுக்கு வெளிப்பூச்சு அடித்துக்கொண்டிருந்தேன். சாரத்தின் மேல் நிற்கும்போது அம்மாவின் போன் வந்தது. பிரஷருக்கும் சுகருக்கும் போடும் மாத்திரை மன்னாரில் கிடைக்கவில்லை என்றார். "இருக்கிறதைப் பாதியா உடைச்சுப் போடுறன், நீ யோசிக்காத" என்றார். நான் பதில் பேசாமல் நின்றதைக் கீழே இருந்த மேஸ்திரி பார்த்துவிட்டார்.

மேஸ்திரி அண்ணே, அன்றைக்கு நீங்கள் வேலையை நிறுத்தி என்னைக் கீழே இறக்கி விசாரிக்காமல் இருந்திருந்தால், நான் யாரிடமும் வாய் திறந்திருக்க மாட்டேன். முகாமில் வளர்ந்தவனுக்குக் கேட்கக் கூச்சம் அதிகம். எஸ்டேட் ரைட்டரிடம் சொன்னது நீங்கள். அவர் அன்று மாலையே தெரிந்த டாக்டரிடம் பேசினார். டாக்டர் அம்மாவின் பழைய சீட்டைப் போனில் பார்த்து, அங்கே உள்ள மாத்திரைக்கு இங்கே எது சரி என்று நிதானமாக எழுதிக் கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை. தாரமங்கலம் மெடிக்கல் கடை அண்ணன் கொள்முதல் விலைக்கே மாத்திரை தந்தார். ஒவ்வொரு அட்டையிலும் காலை, இரவு என்று அவரே தமிழில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார். அம்மா கண்ணாடி போடாமலேயே அதைப் படிக்கிறார்.

கொழும்புக்கு விமானத்தில் போகும் ஒரு வியாபாரி டாக்டர் சீட்டோடு பார்சலைக் கொண்டுபோனார். டீசல் இல்லாமல் பஸ்ஸே குறைந்திருந்த காலம். அதிலும் மன்னார் போகும் பஸ்ஸைத் தேடிப் பிடித்து, ஆள் பார்த்து ஏற்றிவிட்டிருக்கிறார். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை செய்யும் அக்காமார் அந்தப் பார்சலில் பால் பவுடர் வைத்தார்கள். சேகோ மில் வீட்டுப் பெரியம்மா ஜவ்வரிசியும் மஞ்சள் தூளும் தந்தார். அந்த மஞ்சளை அம்மா பக்கத்து நான்கு வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்தாராம்.

தமிழ்நாட்டு அரசுக்கும், நிவாரண நிதிக்குப் பணம் போட்ட முகம் தெரியாத எல்லோருக்கும் நன்றி. 2022 மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து 9,000 டன் அரிசியோடு கப்பல் கிளம்பியதை முகாமில் எல்லோரும் கூடி நின்று டிவியில் பார்த்தோம். பெண்கள் அழுதார்கள். நாங்களும்தான்.

இப்போது அங்கே எப்படி என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறீர்கள். கரண்ட் இருக்கிறது. பெட்ரோலைப் பங்கிட்டுக் கொடுக்க அப்போது கொண்டுவந்த க்யூஆர் கோடு முறையை 2023 செப்டம்பரில் நிறுத்தினார்கள். மாத்திரை மன்னாரிலேயே கிடைக்கிறது, இனி இங்கிருந்து அனுப்ப வேண்டியதில்லை. ஏறிய விலை மட்டும் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அண்ணன் வாரத்தில் பாதி நாள் கூலி வேலைக்கும் போகிறார்.

எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. முன்பெல்லாம் அரசாங்கத்தைப் பற்றி ஏதாவது கேட்டால், "அதெல்லாம் போனில வேண்டாம் தம்பி" என்று அம்மா பேச்சை மாற்றிவிடுவார். 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, யாருக்குப் போட்டேன், ஏன் போட்டேன் என்று அரை மணி நேரம் கதைத்தார், அதுவும் வாசலில் உட்கார்ந்துகொண்டு! எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பயம் இன்னும் போகவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017இலிருந்து தெருவில் உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்குப் பதில் வரவில்லை. அம்மாவின் சிநேகிதி ஒருவரும் அதில் இருக்கிறார். அவருக்காக நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் அம்மா ஒடியல் மாவும் (காயவைத்த பனங்கிழங்கு மாவு) பனாட்டும் (உலர்த்திய பனம்பழக் களி) கொடுத்துவிட்டிருக்கிறார், எல்லோருக்கும் பங்கு வைக்கச் சொல்லி. வரும் ஞாயிறு சாயங்காலம் முகாமில் எங்கள் வீட்டில் ஒடியல் கூழ் காய்ச்சுகிறோம். மன்னார் நண்டுக்கு வழியில்லை, மேட்டூர் மீன்தான் போடப் போகிறோம். சேகோ மில் பெரியம்மாவுக்கு மீன் போடாமல் தனிப் பானையில் வைக்கிறோம். மேஸ்திரி அண்ணே, ஏற்காட்டிலிருந்து ரைட்டரையும் டாக்டரையும் அழைத்து வருவது உங்கள் பொறுப்பு.