பெட்டியை அளப்பதற்கு முன் காற்றை அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய சாண்ட் பிளாஸ்டிங் கேபினட்டைச் சொந்தமாகச் செய்துகொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் தொழில் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அழுத்தக் காற்றால் துகள்களைப் பாய்ச்சி உலோகத்தின் துருவையும் பழைய பெயின்ட்டையும் நீக்கும் மூடிய பெட்டி அது; அதன் சுவரில் பொருத்திய கையுறைகளுக்குள் கையை விட்டு வெளியே நின்றபடி வேலை செய்வோம். தகடு வெட்டுவதையும் வெல்டிங் செய்வதையும் அருமையாக விளக்கியிருந்தார்கள். ஆனால் அதில் சொல்லப்பட்ட மூன்று யோசனைகளைப் படித்ததும் மனம் பதறிவிட்டது. இடம் கொள்கிற அளவுக்குப் பெட்டியைப் பெரிதாக்கலாம், சலித்த ஆற்று மணலே போதும், தூசை இழுக்க வீட்டு வாக்குவம் கிளீனரே போதும் என்பவைதான் அவை. பம்புகளும் வால்வுகளும் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் பிளாஸ்டிங் பிரிவைப் பல ஆண்டுகள் கவனித்து ஓய்வு பெற்றவன் நான். அந்த யோசனைகளை யாரேனும் நம்பிச் செய்துவிடுவதற்குள் இது அச்சில் வர வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் மணல். ஆற்று மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா. வேகமாக உலோகத்தில் மோதும்போது மணல்துகள் நொறுங்கி, நுரையீரலின் அடி வரை போகக்கூடிய நுண்தூளாகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசு மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் தங்கிவிடும். ஐந்து மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான தூசு கண்ணுக்கும் தெரியாது, இருமலிலும் வெளியே வராது. அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பிரிவில் மூத்தவராக இருந்தவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் அழைப்போம். எங்களிடம் வருவதற்கு முன் வேறொரு பட்டறையில் மணல் கொண்டு பிளாஸ்டிங் செய்தவர். கனமான வால்வைத் தனியாளாகத் தூக்கிய அந்த மனிதர், கடைசிக் காலத்தில் நான்கு படி ஏறுவதற்குள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சுக்காக நின்றதைப் பார்த்தவன் நான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தும் அல்ல. பிரிட்டன் 1949-ஆம் ஆண்டு விதிகளின் மூலம் வார்ப்புகளை மணலால் பிளாஸ்டிங் செய்வதைத் தடுத்துவிட்டது. துருக்கியில் ஜீன்ஸ் துணியை வெளிற வைக்க மணல் பாய்ச்சிய இளைஞர்கள் சிலிக்கோசிஸால் இறந்த பிறகு, 2009-இல் அங்கு அந்த முறைக்குத் தடை வந்தது. பெட்டிக்குள்தானே செய்கிறோம் என்று சமாதானம் சொல்லலாம். கதவைத் திறக்கும்போதும், பெட்டியின் அடியில் துகள்கள் வந்து சேரும் புனல் போன்ற ஹாப்பரைக் காலி செய்யும்போதும், ஃபில்டரைத் தட்டும்போதும் அதே தூசு வெளியே வருகிறதே! வேலைக்கு ஏற்ற பொருள்கள் எத்தனையோ உண்டு. கனமான துருவுக்கு அலுமினியம் ஆக்ஸைடு அல்லது கார்னெட் என்னும் கனிமத் துகள். வார்ப்பிரும்புக்கு ஸ்டீல் கிரிட், அதாவது கூரான எஃகுத் துகள். அலுமினியம், துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றில் மென்மையான மங்கல் பளபளப்பு வேண்டுமானால் கண்ணாடி மணிகள். இரும்புக்குப் பயன்படுத்திய கிரிட்டைத் துருப்பிடிக்காத எஃகின் மேல் போட்டால், ஒட்டிக்கொண்ட இரும்புத் துணுக்குகள் பிறகு துருப்புள்ளிகளாகத் தலைகாட்டும். இவற்றின் விலை மணலைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால் மணல் ஒரே அடியில் நொறுங்கிவிடும். இவற்றைச் சலித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஸ்டீல் கிரிட் நூறு சுற்றுக்கு மேலும் தாங்கும்.

அடுத்தது காற்று. பெரிய கேபினட் வாங்குகிறவர்கள் பெட்டியைத்தான் அளக்கிறார்கள். வேலையின் வேகத்தைத் தீர்மானிப்பது பெட்டி அல்ல, காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸர் தருகிற காற்று. 80 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு) அழுத்தத்தில், 3 மி.மீ. துளை கொண்ட நாசில், அதாவது காற்றும் துகளும் பீறிடும் முனை, நிமிடத்துக்குச் சுமார் 17 கன அடி காற்றைக் குடிக்கும். 5 மி.மீ. துளைக்கு 38 கன அடி, 6 மி.மீ.க்குச் சற்று மேற்பட்ட கால் அங்குலத் துளைக்கு 68 கன அடி. விட்டம் இரு மடங்கானால் காற்றுத் தேவை நான்கு மடங்காகும். ஒரு குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 4 கன அடி என்று வைத்துக்கொண்டால், கால் அங்குல நாசிலுக்கு 17 குதிரைத்திறன் கம்ப்ரஸர் வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஸரின் பெயர்த்தகட்டில் பெரும்பாலும் சிலிண்டரின் கொள்ளளவைக் கொண்டு கணக்கிட்ட எண்தான் இருக்கும், உண்மையில் வெளிவரும் காற்று அதைவிடக் குறைவு. வாங்கும்போது வெளிவரும் காற்றின் அளவைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். காற்றோட்டத்தின் இழுப்பாலேயே துகளை உறிஞ்சி வீசும் சக்ஷன் வகைத் துப்பாக்கியில் காற்றின் அளவைத் தீர்மானிப்பது உள்ளே காற்று பாயும் ஜெட்டின் துளை, வெளியே தெரியும் நாசில் அதைவிடப் பெரிது. இரண்டையும் குழப்பிக்கொண்டு கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. நாசில் தேயத் தேயத் துளை பெரிதாகிக் காற்றுச் செலவும் ஏறிக்கொண்டே போகும் என்பதால், மலிவான செராமிக் நாசிலைவிட டங்ஸ்டன் கார்பைடு நாசில் முடிவில் சிக்கனம். காற்றில் ஈரம் இருந்தால் துகள்கள் கட்டிபட்டுக் குழாயை அடைத்துக்கொள்ளும். ஆகவே நீர் பிரிப்பான் கட்டாயம்.

உள்ளே போகும் காற்று வெளியேறவும் வழி வேண்டும் அல்லவா? கட்டுரையாளர் இதைத்தான் மிக எளிதாக எடுத்துக்கொண்டிருக்கிறார். நிமிடத்துக்கு 20 முறை பெட்டிக் காற்று முழுவதும் மாற வேண்டும் என்பது பிளாஸ்டிங் கேபினட்டுகளுக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம், ஒரு மீட்டர் உயரம் உள்ள பெட்டியின் கொள்ளளவு 53 கன அடி. அப்படியானால் நிமிடத்துக்கு ஆயிரம் கன அடிக்கு மேல் இழுக்கும் தூசு உறிஞ்சி தேவை. வீட்டு வாக்குவம் கிளீனர் நூறு கன அடி அளவில் இழுக்கும், அதுவும் ஃபில்டர் புதிதாக இருக்கும் வரைதான். அடைத்துக்கொண்டதும் பெட்டிக்குள் அழுத்தம் கூடி, கதவு விளிம்பு வழியாகவும் கையுறைத் தையல் வழியாகவும் தூசு பட்டறைக்குள் வரும். உறிஞ்சிக்கு முன்னால், காற்றைச் சுழலவிட்டுத் துகளைப் பிரிக்கும் ஒரு சைக்ளோன் வைத்தால், மீண்டும் பயன்படும் நல்ல துகள் கீழே திரும்பிவிடும், நுண்தூசு மட்டும் ஃபில்டருக்குப் போகும்.

கேபினட் ஒழுங்காக இழுக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி சொல்கிறேன். உறிஞ்சியை ஓடவிட்டு, கதவை ஒரு கை நுழையும் இடைவெளிக்குத் திறந்து, மெல்லிய தாள் துண்டைப் பிடியுங்கள். அது உள்நோக்கி வளைந்து படபடக்க வேண்டும். பிறகு கதவை மூடி, ஒருவர் பிளாஸ்டிங் செய்துகொண்டிருக்கும்போதே பட்டறை விளக்குகளை அணைத்து, முகமூடி அணிந்த இன்னொருவர் டார்ச் ஒளியைக் கதவு ரப்பரை ஒட்டிப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். பகலில் சுத்தமாகத் தெரிந்த இடத்தில், அந்த ஒளிக்கீற்றில் துகள்கள் மெல்லிய நூலாக மேலெழுவது தெரிந்தால் அங்கே கசிவு. ரப்பரை மாற்றாமல் அந்தப் பெட்டியை ஓட்டக் கூடாது.

பெட்டியின் அளவுக்கு வருகிறேன். கையுறைக்குள் நீட்டிய கை ஐம்பது, அறுபது சென்டிமீட்டர்தான் எட்டும். ஒரு மீட்டர் ஆழமுள்ள பெட்டிக்கு இருபுறமும் கைத்துளைகள் வேண்டும், இல்லாவிட்டால் சுழலும் மேசை வேண்டும். அந்த மேசையின் பேரிங்கைத் துகள் புகாதபடி மூடிவைப்பது முக்கியம். கனமான பாகங்களுக்குப் பக்கவாட்டுக் கதவும், தண்டவாளத்தில் வெளியே இழுக்கக்கூடிய தள்ளுமேசையும் இருந்தால் முதுகு பிழைக்கும்.

ஹாப்பரின் சரிவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. துகள்கள் தேங்காமல் இறங்க 60 டிகிரி சரிவு நல்லது. ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு ஒரே ஹாப்பர் வைத்தால் அதன் உயரமே 1.3 மீட்டர் ஆகிவிடும். அதற்கு மேல் சல்லடைத் தளம், அதற்கு மேல் கைத்துளை என்றால் வேலை செய்கிறவர் மேடை போட்டுத்தான் நிற்க வேண்டும். ஹாப்பரை இரண்டாகப் பிரித்தால் உயரம் 0.9 மீட்டருக்குள் அடங்கும், முழங்கை மட்டத்தில் வேலை நடக்கும். தகடு வெட்டுவதற்கு முன் தாளில் வரைந்து பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

கதவு திறந்திருந்தால் காற்று வராதபடி இன்டர்லாக்கும், பெட்டிக்கும் பாகத்துக்கும் முறையான எர்த்தும் இருக்க வேண்டும். துருப்பிடித்த இரும்பையும் அலுமினியத்தையும் ஒரே பெட்டியில் மாறி மாறிச் செய்து தூசைச் சேரவிடுவது பெரும் ஆபத்து. அலுமினியத் தூளும் துருவும் கலந்தால், தண்டவாளங்களை உருக்கி இணைக்கப் பயன்படும் தெர்மிட் கலவை கிடைக்கிறது. அதன் மேல் ஒரு தீப்பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், சேர்ந்த தூசைக் குப்பையில் கொட்டாமல் மூடிய கலனில் அடைத்து, அபாயக் கழிவாகவே ஒப்படைக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். கட்டுரையின் மற்ற குறைகளை வேறொரு நாள் விரிவாக எழுதலாம். மணலைப் பற்றிய வரிக்கு மட்டும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இந்த வாரமே திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பட்டறை மேற்பார்வையாளர்