அம்மா கீழே நின்று பார்த்த பாட்டில்

காசிமேடு,
ஞாயிறு மாலை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலமா? நேற்று போனில் பேரன், "விண்வெளியில் புவியீர்ப்பே கிடையாது தாத்தா, அதனால்தான் சுபான்ஷு சுக்லா மிதந்தார்" என்றான். இதை அவன் மனத்தில் இப்படியே தங்க விடாதே அம்மா. 2025இல் நம் நாட்டு விண்வெளி வீரரான அவர் போய்த் தங்கிய சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. அங்கே பூமியின் இழுப்பு, இங்கே இருப்பதில் 90 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. அந்த இழுப்பு இல்லையென்றால் நிலையம் பூமியைச் சுற்றாது, நேராக எங்கேயோ போய்விடும்.

பிறகு ஏன் மிதக்கிறார்கள்? அதில் கொஞ்சம் நீயே அனுபவித்திருக்கிறாய். ஐந்தாம் வகுப்பு விடுமுறையில் உன்னை விசைப்படகில் அழைத்துப்போனேனே, நினைவிருக்கிறதா? துறைமுகத்தைத் தாண்டியதும் ஒரு பெரிய அலை படகைத் தூக்கிச் சட்டென்று கீழே விட்டது. வயிறு மேலே வருகிறது என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாய். அந்த நொடியிலும் பூமி உன்னை இழுத்துக்கொண்டுதான் இருந்தது. காலடியில் இருந்த பலகையும் உன்னோடு சேர்ந்து இறங்கியதால், அது உன்னைத் தாங்குவது குறைந்துபோயிற்று. நமக்கு எடையாகத் தெரிவது அந்தத் தாங்கல்தான். ஏலத்தில் வஞ்சிரக் கூடை தொங்கும் வில் தராசு கயிறு அறுந்து விழுந்தால், மீன் அப்படியே இருக்கும்; தரையைத் தொடும்வரை முள் பூஜ்யத்தில் நிற்கும்.

நிலையமும் ஆளும் அப்படித்தான் சேர்ந்து விழுந்துகொண்டே இருக்கிறார்கள். நொடிக்குச் சுமார் 7.7 கிலோமீட்டர் பக்கவாட்டில் ஓடுவதால், அவர்கள் விழ விழ பூமியும் வளைந்து விலகுகிறது. ஒரு சுற்றுக்கு 90 நிமிடம் போல ஆகிறது. விழுகிறவனுக்குத் தன் எடை தெரியாது என்று 1907இல் ஐன்ஸ்டைனுக்குத் தோன்றியது. அப்போது அவர் பெர்ன் நகரில் காப்புரிமை அலுவலக ஊழியர். ஈர்ப்பை விளக்கும் அவருடைய பொதுச் சார்பியல் கொள்கைக்கு அதுதான் முதல் படி. நானும் என் அப்பாவும் அலைக்கு அலை வயிற்றில் உணர்ந்தது அதன் ஒரு துளிதான் என்று நினைக்கையில் உடல் சிலிர்க்கிறது.

பேரனுக்கு வாயால் சொன்னால் போதாது, காட்டு. பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கம் ஆணியால் ஒரு துளை போட்டுத் தண்ணீர் நிரப்பு. மூடியைத் திறந்தே வை; மூடினால் கையில் இருக்கும்போதே ஒழுக்கு நின்றுவிடும். துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும்போது உயரத்திலிருந்து பாட்டிலைக் கைவிடு. விழும் நேரத்தில் ஒரு சொட்டும் வெளியே வராது. இன்று காலை மொட்டைமாடியிலிருந்து நான் போட்டேன். உன் அம்மா சற்றுத் தள்ளி நின்று பார்த்து, நின்றுவிட்டது என்று கத்தினாள்.

கீழே யாரும் இல்லாதபோது போடுங்கள். என்ன பார்த்தான் என்று அவனையே எனக்குப் போன் செய்யச் சொல்.

அன்புடன்,
அப்பா